மாலைக்கண்: பெயர் ஒன்று, நோய் இரண்டு



விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளை தட்டுத்தடுமாறி நடந்தால், நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில் அதற்கு ஒரே பெயர்தான்: மாலைக்கண். பகலில் நன்றாக ஓடியாடும் பிள்ளை பொழுது சாய்ந்ததும் வாசற்படி தெரியாமல் இடறும். தட்டில் இருக்கும் சோற்றைத் தடவி எடுக்கும். பெற்றோர் முருங்கைக்கீரை சமைத்துக் கொடுப்பார்கள். ஈரல் வாங்கிக் கொடுப்பார்கள். சில பிள்ளைகளுக்குச் சில நாட்களிலேயே பார்வை திரும்பிவிடுகிறது. வேறு சில பிள்ளைகளுக்கு எத்தனை கீரை கொடுத்தாலும் மாறுவதில்லை. வருடத்திற்கு வருடம் பார்வை குறுகிக்கொண்டே போகிறது.

பெயர் ஒன்றாக இருந்தாலும் நோய் இரண்டு என்பதே இதற்குக் காரணம். ஒன்று உணவுக் குறையால் வருவது. மற்றது பிறவியிலேயே உடன் வருவது. இரண்டையும் பிரித்து அறியாவிட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம் உண்டாகிறது. எளிய மருந்தினால் காப்பாற்றக்கூடிய பிள்ளை பார்வையை, சில வேளை உயிரையே, இழந்துபோகிறது. மருந்துக்கு மாறாத நோயுள்ள பிள்ளையின் பெற்றோரோ நிலத்தை அடகு வைத்து, குணமாக்குகிறேன் என்பவரிடமெல்லாம் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

இந்த இரண்டு நோய்களும் கண்ணுக்குள் ஒரே இடத்தில்தான் தாக்குகின்றன. அந்த இடம் எப்படி அமைந்திருக்கிறது என்று அறிந்துகொண்டால், எது மாறும், எது மாறாது என்பது தானே விளங்கும்.

கண்ணுக்குள் பார்க்க முடியாத காலம்

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியை நம் வாசகர்கள் அறிவார்கள். இளமையில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பில் வளர்ந்து, 1798 முதல் 1832 வரை அரசராக இருந்தவர். கண் நோயாளிகளைப் பற்றி அவர் காலத்தில் எழுதப்பட்ட குறிப்புகள் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. நோயாளியின் விவரம், கொடுத்த சிகிச்சை இவற்றோடு கண்ணின் தோற்றத்தைப் படமாகவும் வரைந்து வைத்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் காவிரிப் பகுதியில் இத்தனை கவனத்தோடு கண் மருத்துவம் நடந்தது என்பது வியப்புக்குரியது.

ஆனால் அந்த வைத்தியர்களால் உயிருள்ள ஒருவரின் கண்ணுக்குள் எட்டிப்பார்த்து, பின்புறத்து விழித்திரையைக் காண முடியவில்லை. அதற்கான கருவியை ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர் 1851ஆம் ஆண்டில்தான் வெளியிட்டார். மாலைக்கண் வந்த கண் வெளியே பார்ப்பதற்குப் பெரும்பாலும் நல்ல கண்ணைப்போலவே இருக்கும். கோளாறு உள்ளே, அதுவும் சாதாரண நுண்ணோக்கிக்கும் பிடிபடாத சிறிய அமைப்பில் இருக்கிறது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு, 1950 வாக்கில்தான் அது தெளிவாகத் தெரிந்தது.

அடுக்கி வைத்த தட்டுகள்

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய படலம். ஒளியை உணரும் செல்கள் அதில் இரண்டு வகை. மங்கிய ஒளியில் வேலை செய்பவை குச்சி செல்கள். நல்ல வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை கூம்பு செல்கள். 1990ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, மனிதக் கண் ஒன்றில் சராசரியாக 9 கோடியே 20 லட்சம் குச்சி செல்களும் 46 லட்சம் கூம்பு செல்களும் இருக்கின்றன. அந்திவேளையில் நமக்கு வழிகாட்டுவது இந்தக் குச்சி செல்களே.

ஒரு குச்சி செல்லின் நுனிப் பகுதி மெல்லிய குழாயைப்போல் இருக்கும். நம் தலைமயிரின் பருமனில் அது முப்பதில் ஒரு பங்குகூட வராது. அந்தக் குழாய்க்குள் அப்பளக் கட்டைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமார் ஆயிரம் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தட்டும் இரு மடிப்பாக ஒட்டிய மிக மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வில் ரோடாப்சின் என்னும் புரதம் நெருக்கமாகப் பதிந்திருக்கிறது. ஒளியைப் பிடிப்பது இந்த ரோடாப்சின்தான். ஒளி ஒரு தட்டில் தப்பினால் அடுத்த தட்டில் மாட்டிக்கொள்ளும். அதற்காகவே இத்தனை தட்டுகள். ஒளியின் மிகச்சிறிய துணுக்கு ஒன்றே ஒன்று வந்து பட்டாலும் குச்சி செல் அதை உணர்ந்துவிடும்.

நம் ஊர் வழக்கில் சொல்வதானால், தட்டின் பரப்பு ஒரு வயல். ரோடாப்சின் அதில் நெருக்கி நட்ட நாற்று. தட்டின் விளிம்போ வரப்பு. வயலுக்கு நாற்று எவ்வளவு அவசியமோ வரப்பும் அவ்வளவு அவசியம். இனி வருவதெல்லாம் இந்த இரண்டைப் பற்றியதுதான்.

இந்த அடுக்கு ஒருமுறை கட்டி முடித்துவிட்ட ஒன்றல்ல. அமெரிக்காவில் ரிச்சர்ட் யங் என்ற ஆராய்ச்சியாளர் 1967இல் இதைத் தெளிவாகக் காட்டினார். அடியில் நாள்தோறும் புதிய தட்டுகள் உருவாகின்றன. பழையவை மேலே தள்ளப்படுகின்றன. சுமார் பத்து நாட்களில் நுனிக்கு வந்து உதிர்கின்றன. உதிர்ந்தவற்றைப் பின்னால் இருக்கும் நிறமி செல்கள் விழுங்கிச் செரித்துவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு நாளும் அடுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது. வருடம் முழுவதும், ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் நடவும் அறுப்பும் நடக்கின்றன. கட்டும் வேலையில் ஒரு சிறு பழுது இருந்தாலும் அது தினமும் திரும்பத் திரும்ப நிகழ்ந்து, கடைசியில் செல்லையே கொன்றுவிடுவது இதனால்தான்.

முதல் நோய்: நாற்றுக்குச் சத்து இல்லை

ரோடாப்சின் தனியே ஒளியைப் பிடிக்காது. அதன் மடியில் வைட்டமின் ஏயிலிருந்து உண்டாகும் ஒரு சிறிய பொருள் உட்கார்ந்திருக்க வேண்டும். விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1933இல் கண்டறிந்த ஜார்ஜ் வால்ட், பார்வையின் வேதியியலை விளக்கியதற்காக 1967இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். அவரும் டௌலிங்கும் வைட்டமின் ஏ கொடுக்காமல் வளர்த்த எலிகளை 1950களின் இறுதியில் ஆராய்ந்தார்கள். முதலில் ரோடாப்சின் குறைந்து மாலைக்கண் வந்தது. நாட்கள் நீடித்தபோது தட்டு அடுக்கே கலையத் தொடங்கியது. அடுக்கு கலையுமுன் வைட்டமினைக் கொடுத்தால் பார்வை விரைவில் திரும்புகிறது. செல்கள் அழிந்தபின் கொடுத்துப் பயனில்லை.

நெல் விளையும் நம் பூமியில் இது முக்கியமான செய்தி. வெள்ளை அரிசியில் வைட்டமின் ஏ கிடையாது. தாய்ப்பால் மறந்த பிள்ளை கஞ்சியும் சோறும் மட்டும் தின்று வளர்ந்தால், வயிறு நிறையும். கண் பட்டினி கிடக்கும். இந்தக் குறையினால் கண்ணின் வெள்ளைப் பகுதி வறண்டு நுரை படிந்தாற்போல் திட்டுகள் தோன்றும். முற்றினால் கருவிழியே புண்ணாகிக் கரைந்து, பார்வை நிரந்தரமாகப் போய்விடும்.

பார்வை மட்டுமல்ல, உயிரும் இதில் அடங்கியிருக்கிறது. நமக்கு அடுத்த திருச்சி மாவட்டத்தில் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்களும் ஐந்து வயதுக்குட்பட்ட 15,419 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 1990இல் வெளியானது. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற பிள்ளைகளிடையே மரணம் மற்றப் பிள்ளைகளைவிட 54 சதவீதம் குறைவாக இருந்தது. உலகமெங்கும் மருத்துவர்கள் இந்த ஆய்வைக் கவனித்தார்கள்.

இரண்டாம் நோய்: வரப்பு உடைகிறது

இப்போது வரப்புக்கு வருவோம். சவ்வு இயல்பாகத் தட்டையாக இருக்க விரும்பும் பொருள். தட்டின் விளிம்பில் அது கூர்மையாக வளைந்து திரும்ப வேண்டும். அந்த வளைவைப் பிடித்து நிறுத்த ஒரு புரதம் இருக்கிறது. ஓரத்தில் மட்டுமே இருப்பதால் அதற்குப் பெரிஃபெரின் என்று பெயரிட்டார்கள். இந்தப் புரதங்கள் இரண்டிரண்டாக இணைந்து, பிறகு கைகோத்த சங்கிலிபோல் தட்டின் விளிம்பைச் சுற்றி நின்றுகொள்கின்றன. ராம்-1 என்னும் மற்றொரு புரதம் அதற்கு உடன்பிறந்ததுபோல் துணை நிற்கிறது.

இந்தப் புரதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது ஒரு சுண்டெலி இனத்தால் தெரியவந்தது. அந்த எலிகளின் விழித்திரை மெதுவாக அழிந்துபோவதை 1978இல் விவரித்தார்கள். 1989இல் அதற்குக் காரணமான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அது பெரிஃபெரினுக்குரிய மரபணுவே என்று பின்னர் தெளிவாயிற்று. அந்த எலிகளின் குச்சி செல்களில் தட்டு அடுக்கு உண்டாவதே இல்லை. ரோடாப்சின் இருக்கிறது, சவ்வும் இருக்கிறது. ஆனால் தட்டாக வேண்டிய சவ்வு சிறுசிறு குமிழிகளாக உடைந்து வெளியே சிதறிவிடுகிறது. இதை 2017இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் விளக்கினார்கள். வரப்பு இல்லாத வயலில் விட்ட தண்ணீர் நிற்காமல் ஓடிப்போவது போலத்தான் இதுவும்.

மனிதரிலும் இதே மரபணுவில் பழுது உண்டாகிப் பார்வை போவது 1991இல் அறியப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து அதிசயமான ஒரு செய்தி வந்தது. சில குடும்பங்களில் பெரிஃபெரினில் ஒரு பழுது மட்டும் உள்ளவர்களுக்கு நோயில்லை. ராம்-1இல் ஒரு பழுது மட்டும் உள்ளவர்களுக்கும் நோயில்லை. இரண்டும் சேர்ந்து அமைந்தவர்களுக்கே பார்வை போயிற்று. வரப்பில் ஒரு பக்கம் மண் சரிந்தால் தாங்கும். இரு பக்கமும் சரிந்தால் உடையும்.

வரப்பைப்போலவே நாற்றும் அமைப்பைத் தாங்குகிறது. ரோடாப்சினே இல்லாத எலிகளை உண்டாக்கிப் பார்த்தபோது, அவற்றிலும் தட்டு அடுக்கு வளரவில்லை என்று 1997இல் அயர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள்.

ஓர் எழுத்து விடுபட்ட குடும்பம்

இந்த வரலாற்றில் நம் நாட்டுக் குடும்பங்களுக்கும் தமிழ் மருத்துவர் ஒருவருக்கும் முக்கியமான பங்கு உண்டு. பிற்காலத்தில் சென்னை சங்கர நேத்ராலயாவில் மரபியல் பிரிவை நடத்திய டாக்டர் கோவிந்தசாமி குமாரமாணிக்கவேல், நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்டன் முதலானோரோடு சேர்ந்து, பரம்பரைப் பார்வையிழப்புள்ள இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தார். 1994இல் ஒரு குடும்பத்தில் ரோடாப்சினிலேயே பழுது இருப்பதைக் கண்டார்கள். 1997இல் மற்றொரு குடும்பத்தில், வைட்டமின் ஏ பொருளைக் கண்ணுக்குள் தாங்கிச் செல்லும் ஒரு புரதத்தில் பழுதைக் கண்டார்கள். 2000ஆம் ஆண்டில் கண்டது நம் பொருளுக்கு மிக நெருக்கமானது.

ப்ரோமினின் என்பது ஒரு புரதம். துருத்தி நிற்பது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். குச்சி செல்லின் அடியில் புதிய தட்டு உருவாகும்போது, சவ்வு முதலில் நாக்கு நீட்டுவதுபோல் வெளியே துருத்துகிறது. பிறகு ஓரம் மூடித் தட்டாகிறது. ப்ரோமினின் இருப்பது அந்தத் துருத்தும் இடத்தில். ஏற்கெனவே கட்டிய தட்டில் அதற்கு வேலையில்லை. இனிக் கட்டப்போகும் தட்டுக்கே அது தேவை.

அந்தக் குடும்பத்தில் நோயுற்றவர்களுக்கு ப்ரோமினின் மரபணுவில் 1,878ஆவது எழுத்து விடுபட்டிருந்தது. தாயிடமிருந்து வந்த பிரதியிலும் தகப்பனிடமிருந்து வந்த பிரதியிலும் அதே எழுத்து இல்லை. ஓர் எழுத்துதானே என்று எண்ணலாம். மரபணுவின் எழுத்துகளை உடல் மூன்று மூன்றாகப் பிரித்துப் படிக்கிறது. 'வயல் கடல் மலர் பழம்' என்று எழுதியதில் 'ட' ஒன்றை எடுத்துவிட்டு, மூன்று மூன்றாகப் படித்துப் பாருங்கள்: 'வயல் கல்ம லர்ப ழம்' என்றாகும். முதல் சொல் சரி. அதற்குப்பின் ஒன்றுக்கும் பொருளில்லை. அதுபோலவே அந்தப் புரதமும் பாதி வழியில் குலைந்து முறிந்துபோகிறது. இவ்வாறு முறிந்த புரதம் செல்லின் வெளிச்சவ்வுக்கு வந்து சேருவதே இல்லை என்பதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள்.

இரத்த உறவில் திருமணம்

இவ்வகை நோய்களை மருத்துவர்கள் பொதுவாக ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்பார்கள். உலகில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. தென்னிந்தியாவில் அதைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. காரணமான மரபணுக்கள் பல.

இதில் பல வகைகள், பழுதான பிரதி தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே நோயாக வெளிப்படும். ஒரு பிரதி மட்டும் பழுதானவர் நல்ல பார்வையோடு முதுமைவரை வாழ்வார். தம்மிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் மரபணுக்களில் கால் பங்கு பொது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் எட்டில் ஒரு பங்கு பொது. அந்நியரை மணக்கும்போது அபூர்வமாகச் சந்திக்கும் இரு பழுதுகள், உறவில் மணக்கும்போது எளிதில் சந்தித்துவிடுகின்றன. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் இன்னும் இரத்த உறவுக்குள்ளேயே நடக்கின்றன.

சொத்து சிதறக்கூடாது, பெண் கண்காணாத இடத்துக்குப் போகக்கூடாது என்ற நியாயமான கவலையால் வந்த வழக்கம் இது. ஆகையால் யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நோயுள்ள பிள்ளையின் தாயைப் பார்த்து, எந்தப் பாவத்தின் பலனோ என்று யாராவது சொன்னால், அதை உறுதியாக மறுக்க வேண்டும். ஓர் எழுத்து விடுபட்டது, அவ்வளவே. பழுது தகப்பன் வழியிலும் சரிபாதி வந்திருக்கிறது.

எப்படிப் பிரித்தறிவது?

உணவுக் குறையால் வரும் மாலைக்கண் பெரும்பாலும் சிறு பிள்ளைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் காணப்படும். மருத்துவர் சொல்லும் அளவில் வைட்டமின் ஏ கொடுத்தால் சில நாட்களில் மாறும்.

பரம்பரை நோயில் இருட்டில் தடுமாற்றத்தோடு பக்கப் பார்வையும் வருடக்கணக்கில் குறையும். குழாய்க்குள் இருந்து பார்ப்பதுபோல் நேரே உள்ளது மட்டும் தெரியும். பக்கத்தில் வைத்த செம்பு காலில் இடறும். மருத்துவர் கண்ணுக்குள் பார்க்கும்போது விழித்திரையில் கறுப்புத் திட்டுகள் சிதறியிருக்கும். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கலாம்.

இவற்றை வீட்டில் ஊகிப்பதைவிடப் பரிசோதிப்பதே நல்லது. வைட்டமின் ஏயை அளவுக்கு மீறிக் கொடுப்பது ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு அதிக அளவு கொடுப்பது வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு.

இன்று என்ன செய்ய முடியும்?

உண்மையைச் சொல்லுவோம். பெரிஃபெரின், ப்ரோமினின் பழுதுகளுக்கு இன்றுவரை நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. பெரிஃபெரின் இல்லாத எலிகளின் கண்ணுக்குள் நல்ல மரபணுவைச் செலுத்தித் தட்டு அடுக்கை மீண்டும் வளரச் செய்ததாக லண்டன் மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். மனிதருக்கு, வைட்டமின் ஏயைப் புதுப்பிக்கும் வேறொரு மரபணுவின் பழுதுக்கு மட்டும், 2017இல் அமெரிக்காவில் ஒரு மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அங்கே இரண்டு கண்களுக்கும் அதற்கு வைத்த விலை 8 லட்சத்து 50 ஆயிரம் டாலர். வழி திறந்திருக்கிறது; நம் கிராமத்துப் பிள்ளைக்கு அது எட்டவில்லை.

எட்டக்கூடியவை வேறு இருக்கின்றன. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மைத் தடுப்பூசியோடு கொடுக்கும் வைட்டமின் ஏ மருந்தையும், பிறகு ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பதையும் ஒரு பிள்ளைகூடத் தவறாமல் பெறும்படி பார்த்துக்கொள்ளலாம். முருங்கை, அகத்தி, பரங்கி, பப்பாளி இவற்றில் ஒன்றாவது வீட்டுக் கொல்லையில் இருக்கலாம். அவற்றோடு சிறிது எண்ணெய் சேர்த்தால்தான் சத்து உடலில் சேரும். மாறாத மாலைக்கண் உள்ளவரைத் திருச்சி ஜோசப் கண் மருத்துவமனை, மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களுக்கு ஒருமுறை அனுப்பி நோயை உறுதி செய்யலாம். அந்தக் குடும்பத்தில் அடுத்த திருமணம் பேசுமுன் மருத்துவரின் ஆலோசனை கிடைக்கச் செய்யலாம். கண்புரை போன்ற கூட வரும் கோளாறுகளை நீக்கி, இருக்கும் பார்வையைக் காக்கலாம். பார்வை முழுதும் குறையுமுன்பே பிள்ளைக்குப் பெரிய எழுத்துப் புத்தகம், பிரெயில், தொழிற்பயிற்சி ஆகியவற்றைத் தொடங்கலாம்.

உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி மருந்தாகும். ஒரு பகுதி பேருந்துக் கட்டணமாகும். அந்தப் பேருந்துக் கட்டணத்தை அற்பமாக எண்ணாதிருங்கள். பெரிய மருத்துவமனைக்கு ஒரே ஒருமுறை போய்வந்த குடும்பத்துக்கு, இது என்ன நோய், எதற்குப் பணம் செலவிட வேண்டும், எதற்குச் செலவிட வேண்டியதில்லை என்பது தெரிந்துவிடுகிறது. மாறக்கூடிய மாலைக்கண் உள்ள பிள்ளையை இந்த மாதமே பரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள். மாறாத மாலைக்கண் உள்ள பிள்ளையையும் கொண்டுவாருங்கள். அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, தொழில் இருக்கிறது, அதன் தம்பி தங்கைகளுக்கு வரப்போகும் திருமணமும் இருக்கிறது.